மைக் இஞ்சைதான் இருக்கு

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் முதலில் பந்தல்காரர் வருவார், பிறகு பறை வரும், அதற்குப் பிறகு தலைமை வருவார். தலைமை என்பது அவருடைய பெயரல்ல. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கு நல்லதொரு சாமிப் பெயர் இருந்தது. ஆனால் செத்தவீட்டு இரங்கல் உரை, வாசிகசாலை ஆண்டு விழா, கோயில் பொதுக்கூட்டம் என்று எதை எடுத்தாலும் நோட்டீசில் ‘தலைமை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவருடைய பெயரே நின்றதால், ஊர் பெயரை விட்டுவிட்டுப் பதவியைப் பிடித்துக்கொண்டது. “தலைமை வாறார், கதிரையைத் துடையுங்கோ” என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். அவருக்கும் அது தெரியும். துடைத்த கதிரையில் ஒருநாளும் இருக்கமாட்டார். மைக்குக்குப் பக்கத்தில், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்பார்.

அவரை நான் கண்ணால் அறிந்ததைவிடக் காதால் அறிந்ததுதான் கூட. எங்கள் பக்கத்துச் செத்தவீடுகளில் பெண்கள் உள்ளே பிரேதத்தைச் சுற்றி இருப்போம், ஆண்கள் வெளியே பந்தலுக்குள் இருப்பார்கள். வெளியே யார் என்ன கதைத்தாலும் மாமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் வழியாகத்தான் எங்களிடம் வந்து சேரும். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கிடையில் ஒரு சரசரப்புக் கேட்கும். அது அவருடைய லேஞ்சி, அதாவது கைக்குட்டை. ஒவ்வொருவர் கதைத்த பிறகும் மைக்கைத் துடைப்பார். வெற்றிலை போட்டுக்கொண்டு கதைத்தவர் என்றால் சரசரப்புக் கொஞ்சம் நீளும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடுத்தது ஆர்? மைக் இஞ்சைதான் இருக்கு” என்பார்.

அந்த மைக்கை அவர் யாருடைய கையிலிருந்தும் பறித்ததில்லை. ஊருக்கே அது பெரிய உபத்திரவம். செத்தவரைப் பற்றி ஒரு வசனமும் தன்னைப் பற்றி மிச்சமெல்லாமுமாகக் கதைக்கிற பென்ஷன்காரர்கள் எங்கள் ஊரில் கொஞ்ச நஞ்சமல்ல. ஒருமுறை ஐயர் பொறுமை இழந்து, “இராகுகாலம் தொடங்கப்போகுது, நிப்பாட்டுங்கோ” என்று சொன்னார். “இராகுவும் இருந்து கேக்கட்டும் ஐயா” என்று தலைமை சொன்னது ஸ்பீக்கரில் தெளிவாகவே கேட்டது. பிரேதத்தைச் சுற்றியிருந்த நாங்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை, வெளியே இருந்தவர்கள் அழுகை கூடிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

“ஒரு கதையைக் கேட்டு ஆற்றையும் காது அழுகினதில்லை” என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் நெடுங்காலம், போர் நடந்த வருஷங்களில், வாயைத் திறக்குமுன் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தது. பயம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை, எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. “அந்தக் காலத்திலும் செத்தவீட்டிலை மைக் இருந்தது, பிள்ளை. எல்லாரும் செருமிப்போட்டு, போய் இருந்திடுவினம்” என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆனாலும் எனக்கு அவரில் பல காலம் கோபம். அந்தக் கோபம் என் அப்பாவின் செத்தவீட்டில் தொடங்கியது.

அப்பா ஊர் விதானையார், அரசாங்கத்தின் கிராம அலுவலர். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலியில் போய்விட்டார். விதானையார் செத்தவீட்டுக்கு வராதவர் யார்? புகழ்மாலை நீண்டுகொண்டே போனது. “கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கை” என்று ஒருவர் சொன்னபோது, அழுதுகொண்டிருந்த எனக்கே கொஞ்சம் கூடிப்போனதாகப் பட்டது. பிறகு லேஞ்சியின் சரசரப்பு. அதற்குப் பிறகு பழக்கமில்லாத ஒரு குரல். எங்கள் ஒழுங்கை என்கிற சின்னத் தெருவின் முடக்கில் இருக்கிற தோட்டக்காரர்.

“எல்லாரும் விதானையாரை நல்ல மனிசன் எண்டு சொல்லிப்போட்டியள். எனக்கு அவர் நல்ல மனிசனா இருக்கேல்லை. பக்கத்து வளவுக்காரன் என்ரை காணிக்குள்ளை வேலியை அரக்கேக்கை நேரிலை கண்டது இந்த மனிசன். விசாரணையிலை காணேல்லை எண்டு சொன்னவர். அவன் இவருக்குச் சொந்தம். இப்ப கண்ணை மூடிக் கிடக்கிறார். அண்டைக்கும் இப்பிடித்தான் மூடினவர்.”

உள்ளே அழுகை நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் மூடியபடியே இருந்தன. வெளியே சித்தப்பா குழறினார்: “மைக்கைப் பறியுங்கோ! பிரேதம் கிடக்கேக்கை உது என்ன கதை?”

“அவர் முடிக்கட்டும்” என்றார் தலைமை. “பிறகு நீங்கள் வாங்கோ. மைக் இஞ்சைதான் இருக்கு.”

சித்தப்பா வந்தார். “என்ரை அண்ணை...” என்று தொடங்கினார். அழுகை வந்துவிட்டது. மறுபடி லேஞ்சியின் சரசரப்பு. அந்தச் சத்தத்தை நான் அன்றைக்கு வெறுத்தேன். துடைக்க வேண்டியது மைக்கையா, அந்த மனிதன் சொன்ன சொல்லையா என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்து சனம் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: “உந்தத் தோட்டக்காரர் சொன்னது மெய், பிள்ளை.”

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மேலும் சொன்னார். “கொப்பர் ஏன் கோயிலுக்கு உந்த ஒழுங்கையாலை போறேல்லை எண்டு நினைச்சனி? சுத்திச் சுத்தி ஏன் பெரிய றோட்டாலை போனவர்? என்னையும் போக விடேல்லை. உவையின்ரை முகத்திலை முழிக்க ஏலாமல்தான்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்த முதல் வெள்ளிக்கிழமை அம்மா அந்த ஒழுங்கையால் கோயிலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். முடக்கு வீட்டுப் படலையடியில் தோட்டக்காரரின் மனைவி நின்றாள். “என்ன, இந்தப் பக்கம்?” என்றாள். “கோயிலுக்கு” என்றார் அம்மா. “பூ ஆய்ஞ்சு தரட்டே?” என்றாள் அவள். அவ்வளவுதான் கதை. அம்மா கை நிறையச் செவ்வரத்தம்பூவோடு நடந்தார். அவருடைய நடையில் ஒரு பாரம் இறங்கியிருந்தது என்பதை எனக்கு ஒப்புக்கொள்ள விருப்பமில்லை. ஆனால் இறங்கித்தான் இருந்தது.

அதற்காகத் தலைமை செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். கோயில் பொதுக்கூட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ஊரின் கிழக்குப் பக்கத்துப் பெடியள், திருவிழாவில் சாமி காவத் தாங்களும் தோள் கொடுப்போம் என்று கேட்டிருந்தார்கள். அதுவரை அவர்களுக்கு அந்த இடம் இருக்கவில்லை. ஏன் என்று எங்கள் பக்கத்தில் யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் எழும்பி, அவர்கள் தொட்டால் சாமிக்கு என்ன ஆகும் என்று கதைத்தார். அவர் சொன்னதில் பாதியை எழுதினாலும் இந்தத் தாள் நாறும். நான் பெண்கள் பக்கத்தில் இருந்து தலைமையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் மைக்கின் சுவிச்சுக்குக் கிட்டப் போனது. போன இடத்திலேயே நின்றது. கிழவர் முடித்தார். லேஞ்சி வந்தது. “இதை மறுத்துக் கதைக்கிறவை வரலாம்” என்று சொல்லிவிட்டுக் கிழக்குப் பக்கத்தார் இருந்த பின்வரிசையைப் பார்த்தார்.

அங்கேயிருந்து ரீச்சர் எழும்பினார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். என் தம்பிக்குக் கூட்டல் கழித்தல் விளங்கியதே அவரால்தான். மைக்குக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்.

“மனேச்சர், அந்த மைக் எனக்கு வேண்டாம். நானும் மனிசிதான் எண்டு மைக்கிலை வந்து நிறுவ வேணுமோ?”

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். கிழக்குப் பக்கத்தார் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். மண்டபத்தில் பாதிக் கதிரைகள் காலி. தலைமை மைக்கைத் தன் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு வாழ்க்கையில் முதல்தடவையாகத் தன்னுடைய அபிப்பிராயத்தைச் சொன்னார். கிழவர் சொன்னது பிழை, சாமிக்குத் தோள்தான் தேவை, தோளின் சாதி தேவையில்லை என்றார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். மற்றவர்களைக் கதைக்க விட்டே பழகியவருக்குத் தான் கதைக்க வரவில்லை.

அடுத்த நாள் சைக்கிளில் ரீச்சர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே தேத்தண்ணி குடித்தார் என்பது ஊரில் ஒரு கிழமை ஓடியது. ரீச்சரிடம் அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன்.

“வந்தார். ஊத்திக் குடுத்தன். குடிச்சார். அதிலை என்ன புதினம்? தேத்தண்ணி குடிக்கிறது தேத்தண்ணி குடிக்கிறதுதான்” என்றார். “அந்தக் கிழவரை நிப்பாட்டியிருக்க வேணுமோ எண்டு கேட்டார். நிப்பாட்டினால் அந்தாள் வீட்டிலை போய் இருந்து சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம் எண்டன். பிழை அதிலை இல்லை, மனேச்சர். ஏச்சு வாங்கினவையைப் பாத்து ‘பதில் சொல்லுங்கோ’ எண்டியள் பாருங்கோ, அதுதான் பிழை. நாங்கள் போனாப் பிறகு சொன்னதை நாங்கள் இருக்கேக்கை சொல்லியிருக்க வேணும் எண்டன்.”

“என்ன சொன்னவர்?”

“கோப்பையைக் கொண்டுபோய்த் தானே கழுவி வைச்சார். எனக்கு அது பிடிக்கேல்லை. விருந்தாளி கோப்பை கழுவுறதோ?”

சாமி காவும் விஷயம் அந்த வருஷம் மாறவில்லை, பிறகுதான் மாறியது. ஆனால் அதற்குப் பிறகு தலைமையில் ஒரு மாற்றம் இருந்தது. யாராவது ஒரு கூட்டத்தையே பழித்துக் கதைத்தால் முன்போலவே முடிக்க விடுவார். முடித்ததும் மற்றவர்களைக் கூப்பிடுமுன் தானே மறுப்பார். நாலே சொல்லென்றாலும் தானே சொல்வார். அதற்குப் பிறகுதான் லேஞ்சி.

இனி என் தம்பியின் கதை. அதைச் சொல்லாமல் தலைமையைச் சொல்ல முடியாது.

தம்பியும் அவனுடைய சிநேகிதன் சசியும் ஒரு மாரிகாலத்துப் பின்னேரம் கோப்பாய்ப் பக்கமிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். ஓட்டியது தம்பி. மோட்டார்சைக்கிள் சரிந்தது. சசி அந்த இடத்திலேயே போய்விட்டான். தம்பி முறிந்த காலோடு தப்பினான். பிளாஸ்டர் போட்டு அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அடுத்த நாள் சசியின் செத்தவீடு. அம்மா காலையில் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். அங்கே அவருடைய கையை யாரும் பிடிக்கவில்லையாம். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் இருந்தோம். சசி வீட்டு ஸ்பீக்கர் எங்கள் வீட்டு யன்னலில் வைத்ததுபோல் கேட்டது.

சசியின் தாய்மாமன் மைக்குக்கு வந்தார். சசியைத் தோளில் வைத்து வளர்த்தவர் அவர்தான்.

“குடிச்சுப்போட்டு ஓட்டினவன்! என்ரை மருமோன் பெட்டிக்குள்ளை கிடக்கிறான், கொலை செய்தவன் வீட்டிலை கட்டில்லை கிடக்கிறான்!”

“நான் குடிக்கேல்லை அக்கா” என்றான் தம்பி. எனக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னான்.

எனக்குத் தெரியும் என்றேன். சுவிச்சின் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மாமன் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். குடிகாரன், கொலைகாரன். நான் தலைமையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பாவுக்குச் செய்ததையே பிள்ளைக்கும் செய்கிறாரே என்றேன்.

பிறகு மாமனின் குரல் தணிந்தது. தணிந்த குரல்தான் என்னைப் பயப்படுத்தியது.

“பெடியள், சிநேகிதனுக்கு நீங்கள் செய்யிறது இதுதானோ? பந்தலுக்குள்ளை குந்தியிருக்கிறதோ? அவன்ரை வீடு தெரியும்தானே. ஆம்பிளை எண்டு அங்கை வேறை ஒருத்தனும் இல்லை. எழும்புங்கோ. எழும்பிப் போய்...”

டிக்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அம்மா ஓடிப்போய்ப் படலையைச் சங்கிலியால் கட்டினார். தகரப் படலை, நாலு உதை தாங்காது. நான் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன். நின்று என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பெடியள் வருகிறார்களா, வரவில்லையா? ஸ்பீக்கர் இருந்தவரைக்கும் அங்கே நடப்பது எங்களுக்குத் தெரிந்தது. இப்போது ஒன்றும் தெரியவில்லை. தம்பி, “கதவைப் பூட்டிப்போட்டு நீங்கள் ரெண்டு பேரும் பின்னாலை போங்கோ” என்றான். நாங்கள் அசையவில்லை.

அப்போது சரசரப்புக் கேட்டது. லேஞ்சி!

“பிரேதம் எடுக்கப்போறம்” என்றது தலைமையின் குரல். மூச்சு வாங்கியது. “தோள் குடுக்கிற பெடியளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுறன். கூப்பிட்டவை உள்ளுக்கு வாங்கோ.”

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தகப்பன் பெயரும் சேர்த்து, இழுத்து, நிதானமாகக் கூப்பிட்டார். பந்தலில் யார் யார் கொதித்துக்கொண்டு இருந்தார்களோ அவர்கள் எல்லோருடைய பெயரும் அதில் வந்தது. பிரேதத்துக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் மாட்டேன் என்று சொல்கிறவன் இல்லை, அதுவும் சிநேகிதனுக்கு. பறை எழும்பியது. அவர்கள் வீட்டிலிருந்து சுடலை தெற்கே, எங்கள் வீடு வடக்கே. பறைச்சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போவதைப் படலையடியில் நின்று கேட்டோம். அது நன்றாகத் தேய்ந்த பிறகு அம்மா அந்த ஈர மண்ணிலேயே இருந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். உயிர் திரும்பி வந்தால் அது எந்த வழியாலும் வரும்.

மைக்கை நிறுத்தியபோது மாமன் அவருடைய சட்டையைப் பிடித்துக் கிழித்துவிட்டாராம். “இவ்வளவு நேரமும் சொன்னதைக் கேட்டம். இனிச் சொல்லப்போறதைக் கேக்கமாட்டம்” என்று மட்டும் தலைமை சொன்னாராம். பிறகு நேரத்துக்கு முன்பே ஐயரை அவசரப்படுத்தியதும் அவர்தான். இராகுவையும் இருந்து கேட்கச் சொன்ன மனிதர்!

இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்தார். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சண்டைதான் பிடித்தேன்.

“அப்பாவைச் சொல்லேக்கை விட்டியள். தம்பியைக் குடிகாரன் எண்டு பொய் சொல்லேக்கையும் விட்டியள். பிறகு ஏன் நிப்பாட்டினனியள்?”

“கொப்பரைச் சொன்னவர் எங்களைக் கேக்கச் சொன்னவர், பிள்ளை. இவரும் முதல் கேக்கத்தான் சொன்னவர். பொய்யெண்டாலும் நொந்தவன்ரை கதை. பிறகு எழும்பி நடக்கச் சொன்னார். அந்த இடத்திலை நிப்பாட்டினன்.” பிறகு எழும்பிக்கொண்டு, “கொஞ்சம் பிந்திட்டன் போலை” என்றார்.

போகும்போது தம்பியின் கட்டிலடியில் நின்றார். “தம்பி, உன்னைச் சொன்னதுக்குப் பதில் சொல்ல மைக்கிலை உனக்கொரு முறை இருக்கு. அது நிக்குது.” தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

யாரும் அவனை அடிக்க வரவில்லை. ஆனால் குடிகாரன் என்ற சொல் ஊரிலேயே தங்கிவிட்டது. கால் பொருந்தினாலும் இழுத்து இழுத்துத்தான் நடப்பான். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வேலை. பின் ஒழுங்கையால் போய்ப் பின் ஒழுங்கையால் வருவான். கலியாணவீடு, செத்தவீடு ஒன்றுக்கும் வரமாட்டான். அப்பா சுற்றிப் போனதுபோல் பிள்ளையும் சுற்றிப் போகிறானே என்று அம்மா உருகினார். ஒவ்வொரு செத்தவீட்டிலும் கடைசி ஆள் கதைத்து முடித்த பிறகு தலைமை, “வேறை ஆரும்?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். யாருக்காக நிற்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

போன மாசியில் தலைமை போய்விட்டார். நித்திரையிலேயே போனார், நல்ல சாவு. பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்கள் பார்க்கப் பந்தலில் ஒரு போனை நிறுத்தி வைத்திருந்தார்கள். யார் தலைமை தாங்குவது என்று எல்லோரும் முழிக்க, அவருடைய மனைவி ஆளனுப்பி ரீச்சரைக் கூப்பிட்டார். எங்கள் ஊர்ச் செத்தவீட்டு மைக்கை ஒரு பெண் பிடித்தது அன்றைக்குத்தான். ரீச்சரிடம் லேஞ்சி இல்லை. சேலைத் தலைப்பால் துடைத்தார். சரசரப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

பென்ஷன்காரர்கள் எல்லோரும் கதைத்து முடித்தார்கள். “வேறை ஆரும்?” என்று கேட்டார் ரீச்சர்.

ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“நான் அண்டைக்குக் குடிச்சிருக்கேல்லை” என்றான் தம்பி. வணக்கம் இல்லை, முன்னுரை இல்லை. “மழை. மாடு ஒண்டு குறுக்கை வந்தது. சசி மெதுவாப் போடா எண்டு சொன்னவன். நான் கேக்கேல்லை. அது என்ரை பிழை. ஆனா நான் குடிச்சிருக்கேல்லை.”

நான் யன்னலுக்கு ஓடினேன். ஆண்கள் பக்கத்திலிருந்து சசியின் மாமன் எழும்பி வந்துகொண்டிருந்தார். நன்றாகக் கிழடு தட்டியிருந்தார். ரீச்சரின் விரல் சுவிச்சில் போய் நின்றது. மாமன் மைக்கைக் கேட்கவில்லை. தம்பிக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஆற்றை மாடு?” என்றார்.

“தெரியாது மாமா. இருண்டிட்டுது.”

“என்ன நிறம்?”

“கறுப்பெண்டு நினைக்கிறன்.”

ஊரிலுள்ள கறுத்த மாடுகளையெல்லாம் மனதுக்குள் தேடுகிறவர்போல் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு கதிரையை இழுத்து வந்து தம்பிக்குப் பின்னால் வைத்தார்.

“அந்தக் காலோடை நிண்டு கதையாதை. இரு. இருந்து முழுக்கச் சொல்லு. அவன் வேறை என்ன சொன்னவன்?”

தம்பி இருந்தான். ரீச்சர் சுவிச்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மைக்கை அவனிடமே விட்டு விலகி நின்றார். நான் திரும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை இடித்தார்.

“மைக்கைக் கிட்டப் பிடிக்கச் சொல்லு பிள்ளை. வடிவாக் கேக்கேல்லை.”